மேற்கு ரூமுக்கு வெளிர் கத்திரிப்பூ கலர்: கார்டுல அழகு, சுவத்துல சாம்பல். ஏன்?

மாந்தோப்பு_வீடு (காவேரிப்பட்டணம்):

வணக்கம். பழைய வீட்டோட சேர்த்து மேற்கால ஒரு ரூம் எடுத்திருக்கோம். பூச்சு, பட்டி எல்லாம் முடிஞ்சு ஒரு வருஷம் மேல ஆச்சு. இப்போதைக்கு ஒரு கை க்ரீம் கலர் அடிச்சு வெச்சிருக்கோம். பொண்ணு பதினொண்ணாவது போறா, இனிமே அது அவ ரூம்.

அவளுக்கு வெளிர் ஊதா வேணும். சின்னப் பசங்க ரூம்ல அடிக்கிற ரோஸ் கலந்த லாவண்டர் இல்ல. நீலத்துப் பக்கம் சாஞ்ச, கொஞ்சம் அடங்கின, கத்திரிப்பூவை நிறையப் பால்ல கரைச்சாப்ல ஒரு கலர். கடையில ஷேட் கார்டுல அந்த மாதிரியே ஒண்ணு இருந்துச்சு. 200 மில்லி சாம்பிள் வாங்கி, ஜன்னலுக்கு நேர் எதிர் சுவத்துல ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சுப் பார்த்தோம்.

காலையில நீலச் சாம்பல். மத்தியானம் சிமெண்ட் பூச்சு மாதிரியே இருக்கு, ஊதான்னு சொன்னாத்தான் ஊதா. சாயங்காலம் லேசா பழுப்பு அடிக்குது. ராத்திரி ட்யூப்லைட் போட்டா ஒரு குளிர்ந்த நீலம். என் மாமியார் எட்டிப் பார்த்துட்டு, "இதுக்குப் பேசாம சுண்ணாம்புல சொட்டு நீலத்தைக் கொட்டி அடிச்சிருக்கலாம், காசாவது மிச்சம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்காரர் ஆரம்பத்துல இருந்தே க்ரீமே இருக்கட்டும்னு நிக்கறார்.

ரூம் 10க்கு 12, உயரம் 10 அடி. மேற்குச் சுவத்துல 4க்கு 4 ஜன்னல் ஒண்ணுதான். ஜன்னலைத் திறந்தா எங்க மாந்தோப்பு, முதல் பெங்களூரா மரம் கை எட்டற தூரம். தரை பழைய வீட்டோட சேரணும்னு ரெட் ஆக்சைடு. கதவு வேப்ப மரம், வார்னிஷ். வடக்குச் சுவர்ல கீழ ஒரு முழம் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கு, அது தனிக் கதை.

கடையில கலர் தப்பா கலந்துட்டாங்களா? இல்ல இந்தக் கலரே இந்த ரூமுக்கு ஆகாதா?

---

ஓசூர்_வாடகைக்காரன்:

கேக்கறதுக்கே பொறாமையா இருக்கு. எங்க ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டேங்கறார், நீங்க சுவத்துக்கே கலர் தேர்ந்தெடுக்கறீங்க. என் ஓட்டு உங்க பொண்ணுக்கு. ஜன்னலுக்கு வெள்ளைத் திரை போட்டா சரியாயிடும்னு நினைக்கறேன். இல்லேன்னா அந்த ஒரு சுவத்துல மட்டும் அடிச்சுட்டு மத்ததை வெள்ளையா விட்டுடுங்க, இப்ப எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க.

---

கலர்மெஷின்_அக்கா (தர்மபுரி):

நானும் ஒரு பெயிண்ட் கடையில கலர் கலக்கற மெஷின்கிட்ட நிக்கறவதான். அதனால கடைக்காரங்களுக்காகப் பேசறேன்னு நினைச்சுக்காதீங்க. கலந்ததுல தப்பு இருக்கவும் வாய்ப்பிருக்கு, அதைக் கடைசியில சொல்றேன். எனக்கு முதல்ல கண்ணுல பட்டது ஜன்னலுக்கு வெளிய நிக்கற மாமரம்.

இந்த வெளிர் ஊதாவுல கலர்னு இருக்கறதே ரொம்பக் கம்மிங்க. வெள்ளை பேஸ் ஒரு லிட்டருக்கு ஊதா சில மில்லி, நீலம் அதுலயும் கம்மி, பளிச்சுனு கத்தாம இருக்கறதுக்குக் கருப்பு சொட்டுக் கணக்குல. மீதி அத்தனையும் வெள்ளை. அடர் கலரா இருந்தா வெளிச்சம் எப்படி வந்தாலும் தன் நிறத்தை விடாது. இது அப்படி இல்ல, உள்ள வர்ற வெளிச்சத்தோடயே போயிடும்.

உங்க ரூம்ல பகல் வெளிச்சம் எங்க இருந்து வருது? மாவிலையில பட்டுத் திரும்பி வருது. அது பச்சை. நம்ம கண்ணு அதைப் பச்சைன்னு சொல்லாது, அஞ்சு நிமிஷத்துல பழகிக்கும். ஆனா ஊதாவுக்குப் பச்சை நேர் எதிரி. லேசான ஊதா மேல லேசான பச்சை வெளிச்சம் விழுந்தா ரெண்டும் அடிபட்டுச் சாம்பல்தான் மிஞ்சும். க்ரீம் கலரா இருந்தா இந்த வம்பே இல்ல, பச்சையை வாங்கிட்டுச் சும்மா இருக்கும். உங்க வீட்டுக்காரர் தெரிஞ்சு சொன்னாரோ தெரியாம சொன்னாரோ, பாயிண்ட் இருக்கு.

நேரத்துக்கு நேரம் மாறறதும் இதே கணக்குதான். மேற்கு ரூம்ல காலையில வெயில் கிடையாது, வானத்து நீலம்தான் உள்ள வரும், அதனால நீலச் சாம்பல். சாயங்காலம் சூரியன் கீழ இறங்கும்போது வெளிச்சத்துல நீலம் குறைஞ்சு மஞ்சளும் சிவப்பும் மிஞ்சும். ஊதாவைக் காட்டறதுக்கு நீலம் வேணும், அது வரலேன்னா பழுப்பு. ராத்திரி நீங்க போடற வெள்ளை ட்யூப்லைட் அநேகமா 6500 கெல்வினா இருக்கும் (லைட்டோட நிறத்துக்கான அளவு, கூடக் கூட நீலம் ஜாஸ்தி), பெட்டியில போட்டிருக்கும் பாருங்க. அது நீலத்தை அள்ளிக் கொட்டற லைட்.

ஒரு சோதனை பண்ணுங்க, செலவு கிடையாது. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வெள்ளை ஏ4 பேப்பர் ரெண்டு எடுத்து, ஒண்ணை ஜன்னலுக்கு எதிர் சுவத்துல ஒட்டுங்க, இன்னொண்ணை வாசல் பக்கம் மொட்டை வெளிச்சத்துல பார்த்துட்டு உள்ள கொண்டு வாங்க. அப்புறம் எதிர் சுவர், பக்கச் சுவர், தரை ஓரம்னு மூணு இடத்துல வெச்சுப் பாருங்க. செல்போன்ல போட்டோ எடுத்துப் பார்க்காதீங்க. கேமரா தானா வெள்ளையைச் சரி பண்ணிடும், அதுலயும் ஊதாவைப் பாதி நேரம் நீலமாத்தான் காட்டும். இங்க கவுண்டர்ல "இந்தா இதே கலர்"னு போனை நீட்டறவங்களுக்கு நான் தர்ற பதிலும் இதேதான்.

அடுத்தது சாம்பிள். எத்தனை கை அடிச்சீங்க? க்ரீம் மேல ஒரு கைன்னா அடியில இருக்கற மஞ்சள் கொஞ்சம் மேல எட்டிப் பார்க்கும், அதுவே பாதி ஊதாவைச் சாப்பிட்டுடும். 200 மில்லிக்கு இவ்வளவு வெளிர் ஷேட் கலக்கச் சொன்னா மெஷினுக்கும் கஷ்டம். கருப்பு அரைச் சொட்டு விழணும்னு ஃபார்முலா இருந்தா, மெஷின் போடற குறைஞ்ச அளவே அதைவிட ஜாஸ்தியா இருக்கும். கலந்ததுல தப்பு இருக்கலாம்னு சொன்னது இதைத்தான். ஒரு லிட்டரா வாங்கினா கணக்கு சரியா விழும்.

ஓசூர் தம்பிக்கு: வெள்ளைத் திரை போட்டா வெளிச்சம் பரவும், கண்ணு கூசாது. பச்சை போகாது, அந்தப் பச்சையே திரை வழியா வரும். ஒரே ஒரு சுவர் யோசனையும் இந்த ரூமுக்கு வேண்டாம். மூணு சுவர் வெள்ளை, ஒண்ணு மட்டும் இந்தக் கலர்னா அது கலர் அடிச்ச சுவராத் தெரியாது, நிழல் விழுந்த சுவராத்தான் தெரியும். நாலு சுவரும் அடிச்சா சுவருக்குச் சுவர் ஒண்ணோட கலர் இன்னொண்ணுல பட்டு நிறம் கூடும். கார்டுல பார்த்ததைவிட ஒரு படி அழுத்தமாவே தெரியும். வெளிர் கலர்களுக்கு அது லாபம்.

---

அரூர்_பெயிண்டர்:

அக்கா சொன்ன கலர் விஷயத்துல நான் தலையிடல. அந்த உப்பைப் பத்திச் சொல்றேன்.

அந்த முழ உயரத்தை அப்படியே விட்டுட்டு மேல எந்தக் கலர் அடிச்சாலும் ஒரே மழையில மாவு மாவா உதிரும். ஈரம் கீழ இருந்து ஏறுது, வரும்போது உப்பைக் கரைச்சுக் கொண்டு வருது, மேல வந்து தண்ணி காயுது, உப்பு நிக்குது. நம்ம பக்கம் போர் தண்ணியும் உப்பு, பூச்சு வேலைக்கு அதைத்தான் ஊத்தியிருப்பாங்க. முதல்ல ஈரம் எங்கேன்னு பாருங்க. வடக்குச் சுவருக்கு வெளிப்பக்கம் பாத்திரம் கழுவற தொட்டியோ, மண் மேடோ இருக்கா? அதைத் தீர்க்காம உள்ள பெயிண்ட் அடிக்கறது வீண்.

ஈரம் நின்னதும் காஞ்ச பிரஷ்ஷால உப்பைத் தட்டி எடுங்க. தண்ணி போட்டுத் துடைக்காதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ள போகும். உதிர்ற பட்டியைச் சுரண்டிட்டு, காயவிட்டு, திரும்ப ரெண்டு கை பட்டி, உப்புத்தாள், பிரைமர். புதுசா சிமெண்ட் பூசினா 28 நாளாவது ஆறணும். ஆறாத பூச்சுல சுண்ணாம்புக் காரம் நிக்கும், அது பெயிண்ட்டைத் திட்டுத் திட்டா வெளுக்க வைக்கும்.

பெயிண்ட்டைக் கரைக்கறதுக்குப் போர் தண்ணி வேண்டாம், குடிக்கற தண்ணி ஊத்துங்க. அடிக்கும்போது "ஐயையோ வெள்ளையா இருக்கே"னு பயந்துடாதீங்க. எமல்ஷன் ஈரத்துல பாலா இருக்கும், காஞ்சா ஒரு அளவு அழுத்தம் கொடுக்கும். வீட்டுக்காரங்க நடுவுல வந்து "கலரைக் கூட்டு"ன்னு சொல்றதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

இன்னொண்ணு, பளபளப்பு ரகம் எடுக்காதீங்க. மேற்கு வெயில் சாய்வா அடிக்கும்போது பட்டி இழுத்த கோடு, ரோலர் தடம் எல்லாம் கண்ணாடியில பார்க்கற மாதிரி தெரியும். மேட், இல்ல லேசா மட்டும் மினுக்கற ரகம்.

---

மாந்தோப்பு_வீடு (காவேரிப்பட்டணம்):

பேப்பர் சோதனை பண்ணியாச்சு. என் பொண்ணுதான் பண்ணினா, நான் நம்பாமப் பக்கத்துல நின்னேன். எதிர் சுவத்துல ஒட்டின பேப்பர் நிஜமாவே பச்சை! தனியாப் பார்த்தா வெள்ளை. வாசல்ல இருந்து இன்னொரு பேப்பரை அவ ஓடி எடுத்துட்டு வந்து கதவோரமா நிழல்ல பிடிச்சா, எதிர்ல இருக்கறது இளம் பச்சை. பக்கச் சுவர்ல அவ்வளவு இல்ல. தரைக்கு மேல ஒரு அடி வரைக்கும் பேப்பர் லேசா செவந்து இருக்கு, ரெட் ஆக்சைடு வேலை. நாலு மணிக்கு மேல கிளைக்குக் கீழ வெயில் நேரா உள்ள வந்து எதிர் சுவத்துல ஒரு மஞ்சள் கட்டம் விழுது.

சாம்பிள் ஒரு கைதான் அடிச்சிருந்தோம். வீட்டுல கிடந்த பிளைவுட் துண்டுல வெள்ளை பிரைமர் அடிச்சு, மேல மிச்சம் இருந்ததை ரெண்டு கை அடிச்சோம். பொண்ணு அந்தப் பலகையைத் தூக்கிட்டு வீடு முழுக்கச் சுத்தி வந்தா. மாமியார் ரூம் கிழக்குப் பார்த்தது, அங்க காலையில வெச்சதும் கார்டுல பார்த்த அதே கலர். மாமியார் "என் ரூமுக்கு யாரும் ஒண்ணும் அடிக்க வேண்டாம்"னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க.

கிளையை வெட்டலாமான்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். சுவத்தை வேணா இடிச்சுக்கோ, மரத்துல கை வைக்காதேங்கறார். இப்ப அதே கலரையே கொஞ்சம் மாத்தி அந்த ரூமுக்கு ஏத்த மாதிரி கலக்க முடியுமா?

உப்புக்குக் காரணம் பெயிண்டர் அண்ணன் சொன்ன மாதிரியே, வெளிய கழுவற தொட்டி. அதை நகர்த்தறோம்.

---

பாலக்கோடு_கெமிஸ்ட்ரி_வாத்தியார் (ஓய்வு):

மாமியார் சொன்ன சொட்டு நீலத்தைச் சிரிச்சுட்டு விட்டுடாதீங்க. எங்க சின்ன வயசுல பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது நீலம் கலப்போம், கை கொஞ்சம் தாராளமாப் போயிட்டா சுவர் வெளிர் ஊதாவா வந்து நிக்கும். நீலப் பொடியில இருந்த அல்ட்ராமரீன் காரத்துக்கு அசையாது, அதனால சுண்ணாம்போட ஒத்துப்போச்சு. அமிலம் பட்டாத்தான் அதுக்கு ஆகாது. செயற்கை ஊதா சாயம் 1856ல லண்டன்ல 18 வயசுப் பையன் வில்லியம் பெர்கின் கையில தற்செயலா வந்தது. மலேரியாவுக்குக் கொயினா செய்யப் பார்த்தார், ஊதா கிடைச்சுது. அது துணியில அழகா ஏறிச்சு, வெயில்ல வெளுத்துச்சு.

இப்ப பெயிண்ட்ல போடற ஊதா நிறமிகள் அதைவிடப் பல மடங்கு உறுதி. ஆனா ஒரு விஷயம் மாறல. ஒரே நிறமியை அழுத்தமா அடிச்சா நிக்கற காலம் வேற, வெள்ளையில கரைச்சு வெளிறா அடிச்சா நிக்கற காலம் வேற. அந்த நாலு மணி மஞ்சள் கட்டம் விழற இடத்துல சில வருஷத்துல நிறம் கொஞ்சம் இறங்கலாம். ஜன்னலுக்கு மேல ஒரு சன்ஷேடோ, வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ இருந்தா நல்லது.

---

கலர்மெஷின்_அக்கா (தர்மபுரி):

சார் சொன்ன தட்டியை நானும் சொல்றேன், வெக்கைக்கும் நல்லது.

கலரை மாத்தலாம். கார்டுல அதே வரிசையில ரெண்டு படி கீழ போகாதீங்க, அது அழுத்தமாகும், ஆனா சாம்பலும் கூடவே கூடும். கருப்புக் கம்மியா இருக்கற பக்கத்து வரிசைக்குப் போங்க, ஊதா ஒரு படி மேல. கையில வெச்சுப் பார்க்கும்போது உங்க பொண்ணு "இது ரோஸ் மாதிரி இருக்கே"னு முகம் சுளிக்கணும். அந்தக் கொஞ்சூண்டு சிவப்பைத்தான் மாவிலைப் பச்சை தின்னும், மிச்சம் நிக்கறது அவ கேட்ட கலரா இருக்கும். பலகை சோதனையை அந்த ஷேட்ல திரும்பப் பண்ணுங்க, இந்தத் தடவை பலகையை எதிர் சுவத்துலயே சாத்தி வைங்க. கடையில நிக்கும்போது முடிவு பண்ணாதீங்க, எங்க கடை லைட்டும் ட்யூப்லைட்தான்.

மாமரம் துளிர் விடற சமயத்துல இலை செம்பு நிறமா இருக்கும் இல்லையா, அப்போ சுவர் கொஞ்சம் இளஞ்சிவப்பு காட்டும். அதை யாராலும் தடுக்க முடியாது. எனக்கு அது பிடிக்கும், உங்க பொண்ணுக்கு எப்படியோ.

சீலிங்கும் க்ரீமா? அப்போ அதை முதல்ல மாத்துங்க. க்ரீம் சீலிங்குக்குக் கீழ இந்த ஊதா அடிச்சா சீலிங் அழுக்காத் தெரியும். எதுவும் கலக்காத சாதா வெள்ளை. லைட்டை 4000 கெல்வின் எல்இடியா மாத்துங்க, கடையில நேச்சுரல் வைட்னு கேளுங்க. பெட்டியில சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாக் காட்டும்ங்கற மார்க்) 90ன்னு இருந்தா பத்து ரூபா கூடப் போனாலும் வாங்கலாம். மஞ்சள் லைட், 3000ன்னு போட்டது, இந்த ரூமுக்கு வேண்டவே வேண்டாம். படிக்கற பொண்ணு வேற.

தரைச் சிவப்புக்கு கட்டில் ஓரமா ஒரு நீல, வெள்ளைப் பவானி ஜமக்காளம் போட்டாப் போதும், பாதி சிவப்பு மேல ஏறாது. வேப்பங்கதவை அப்படியே விடுங்க, வெள்ளை எனாமல் அடிக்கறேன்னு யாராவது வந்தா அனுப்பிடுங்க. அந்தத் தேன் கலர் பக்கத்துல இருந்தாத்தான் ஊதா ஊதாவாத் தெரியும்.

---

பர்கூர்_கிரானைட்:

ஜன்னலோட கீழ்த் திட்டுக்குக் கல் போட்டாச்சா? இல்லேன்னா பாரடைசோ பாருங்க, சாம்பலும் ஊதாவுமா அலை அலையா ஓடற கல், நம்ம ஜில்லாவுலயே வெட்டறாங்க. முழுப் பலகை வாங்க வேண்டாம், பாலிஷ் யூனிட்ல வெட்டுத் துண்டு கேட்டா நாலடிக்குக் கிடைக்கும். தண்ணி ஊத்திப் பார்த்து எடுங்க, ஊதா எவ்வளவு இருக்குன்னு அப்போதான் தெரியும்.

---

மாந்தோப்பு_வீடு (காவேரிப்பட்டணம்):

ஜன்னல் திட்டுக்கு இன்னும் கல் போடல, நல்ல வேளை. புது ஷேட் பலகையில அடிச்சாச்சு. கடையில அவளுக்குச் சுத்தமாப் பிடிக்கல, ரோஸ்னு அழாத குறை. எதிர் சுவத்துல சாத்தி வெச்சு மத்தியானம் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம பலகையை அங்கேயே விட்டுட்டா, அதுதான் சம்மதம். சாயங்காலம் கொஞ்சம் பழுப்பு அடிக்கத்தான் செய்யுது, ஆனா முன்ன மாதிரி இல்ல. எவ்வளவு பெயிண்ட் வாங்கணும்?

---

கலர்மெஷின்_அக்கா (தர்மபுரி):

சுத்து 44 அடி, உயரம் 10, மொத்தம் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழிச்சா 400 வெச்சுக்கோங்க. பட்டி பார்த்த வழவழப்பான சுவத்துக்கு நல்ல ரக எமல்ஷன் லிட்டருக்கு ரெண்டு கையும் சேர்த்து 120ல இருந்து 140 சதுர அடி வரும். மூணேகால் லிட்டர் தேவை, நாலு லிட்டர் டப்பா ஒண்ணு வாங்குங்க. ஒரு லிட்டர் டப்பாவா மூணு நாலு கலக்க வேண்டாம், டப்பாவுக்கு டப்பா ஒரு இழை மாறும், இந்தக் கலர்ல அது காட்டிக் கொடுத்துடும். மூடியில ஒட்டற ஸ்டிக்கர்ல ஃபார்முலா இருக்கும், அதைக் கிழிச்சு பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைங்க.

---

அரூர்_பெயிண்டர்:

மிச்சம் அரை லிட்டர் இருக்கும், அதைக் கொட்டிடாதீங்க. தொட்டியை நகர்த்தினாலும் அந்த வடக்குச் சுவர் முதல் மழைக்கு ஒரு தடவை உப்புக் காட்டும், தட்டிட்டுப் பூச அது வேணும். முடிஞ்சா ஐப்பசி மழைக்கு முன்னாடி வேலையை முடிச்சுக்கோங்க, இல்ல தைக்குத் தள்ளிப் போடுங்க. நடுவுல ஆரம்பிச்சா பட்டி காயாது.